பச்சைக் குடையின் சொந்தப் பெயர்

அத்தியாயம் 17

போன ஞாயிற்றுக்கிழமை சோலா அத்தை வீட்டு விருந்தில் நடந்ததை கசோண்டே அன்றைக்கே மறந்துவிட்டாள். சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, தம்பி பெண்டாட்டி சிலேஷேயைப் பார்த்து, "தொட்டில் எப்பம்மா வாங்கறது? ரெண்டு வருஷமாக் கடைக்காரன் வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கான்" என்று அவள்தான் கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். சிலேஷே எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். நாத்தனார் கேலி. ந்டோலா ஊரில் இதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்றுதான் கசோண்டே நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த நினைப்பு உடைந்தது.

கொல்லைப்புறக் கொட்டகையில் இருநூறு கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு, வழக்கம்போல போனில் 'ட்வாஃப்வானே'யைத் திறந்தாள். ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று பொருள். சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்த நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக அவள் தம்பி லோம்பே கட்டிய இணையதளம் அது. கசோண்டேயின் மகள் பூப்பே ஐந்து வயதில் வலியால் துடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரம்பித்தது. பூப்பேக்கு இப்போது பதினொன்று. தளத்தில் நாலாயிரத்து இருநூறு பேர். எந்த மருந்துக் கடையில் மாத்திரை வந்திருக்கிறது, வலி வந்தால் முதலில் என்ன செய்வது, மாமியாருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எல்லாவற்றையும் அங்கேதான் கேட்பார்கள். பதில் சொல்வது பெரும்பாலும் கசோண்டே.

இன்றைக்குப் பக்கம் நீல நிறத்தில் இருந்தது. வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். மேலே எக்ஸில்டா சண்டா என்று ஒருத்தி, பிள்ளையின் நோயை மாமியாரிடம் மறைத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். எக்ஸில்டா என்று கசோண்டேக்கு யாரையும் தெரியாது. ஆனால் கீழே பதில் எழுதியிருப்பது கசோண்டேயேதான்: "அன்புள்ள ரெண்டு பிள்ளைக்காரிக்கு..."

அப்போதுதான் உறைத்தது. தளத்தில் சேரும்போது எல்லோரும் சொந்தப் பெயரைக் கொடுப்பார்கள். அது வெளியே தெரியாது என்று முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தது. உள்ளே புழங்குவது புனைபெயர்தான். ஒரே ராத்திரியில் புனைபெயர்கள் எல்லாம் போய், சொந்தப் பெயர்கள் வெளியே நின்றன.

அவள் கை தானாகப் பச்சைக் குடையைத் தேடியது. ஒரு வருஷமாக அவளுக்கு எழுதிக்கொண்டிருக்கிற பெண். மற்றவர்களைவிட அவளிடம் கசோண்டேக்குக் கொஞ்சம் கூடுதல் ஒட்டுதல்.

"என் ரத்தத்தில் அந்த நோயின் அம்சம் இருக்கிறதென்று லேபில் சொல்லிவிட்டார்கள். அவர் ரத்தத்திலும் இருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். ஊருக்கெல்லாம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்கிற மனுஷன், தன் கையை மட்டும் நீட்ட மாட்டேன் என்கிறார். அவர் நீட்டும்வரை நான் பிள்ளை பெறுவதாக இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாது. இந்த வாரம் சொந்தக்காரர் வீட்டில் என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் பிள்ளை எப்போது என்று கேட்டுவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை."

கீழே கசோண்டேயின் பதில்: "உங்கள் நாத்தனாருக்கு வாயில் பூட்டு இல்லை போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்."

மேலே, பச்சைக் குடை என்று இருக்க வேண்டிய இடத்தில்: சிலேஷே ம்வாபே.

தம்பி பெண்டாட்டியின் பெயர்.

கசோண்டே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கோழிகள் அவள் காலைச் சுற்றி வந்தன. வேண்டாத பதிவை மறைக்க அவளுக்கென்று ஒரு பட்டன் உண்டு. அதைத் தேடினாள். அதுவும் காணாமல் போயிருந்தது.

---

லோம்பேயும் சிலேஷேயும் அதே வளாகத்தின் பின்கட்டில் குடியிருந்தார்கள். சிலேஷே ஆறரைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருந்தாள். லோம்பே ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

"லோம்பே! எழுந்திருடா."

கண்ணைத் திறந்ததும் சிரித்தான். "பாத்தியாக்கா? எப்படி இருக்கு? முன்னாடி மாதிரி அழுக்கா இல்லல்ல?"

"பேரெல்லாம் ஏன் வெளிய நிக்குது?"

"அது லுசாகாக்காரங்க கேட்டது. நமக்கு டாக்டர் அனுப்பப் போறாங்கல்ல, அவங்க. மூணாம் நம்பர் லாரி, ரெண்டு பிள்ளைக்காரின்னு பேரு வச்சவங்களுக்கு எப்படி டாக்டர் அனுப்பறதுன்னு கேக்கறாங்க. நியாயந்தானே?"

"ஜனங்ககிட்ட சொன்னியா?"

"விதிமுறைப் பக்கத்துல போட்டிருக்கேனே."

"எங்க?"

"கீழ. ஒன்பதாவது பத்தி."

"அதை யாரு படிச்சா?"

"நான்தானே எழுதினேன்."

"எழுதினவன் மட்டும் படிச்ச பத்தி. நல்லா இருக்குடா." அவள் குரல் நடுங்கியது. கோபம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான். "என்னோட மறைக்கற பட்டன் எங்க? அதையும் ஒன்பதாவது பத்தியில புதைச்சிட்டியா?"

"புதுசுல அது எனக்கு மட்டுந்தான்க்கா. எந்தப் பதிவுன்னு சொல்லு, இப்பவே மறைச்சிடறேன்."

எந்தப் பதிவு என்று சொன்னால் அதை இவன் படிப்பான்.

"ஒரு பதிவு இல்ல. எல்லாப் பேரையும் பழையபடி மாத்து."

"இன்னிக்கு முடியாது. ரெண்டு மணிக்கு லுசாகாவிலேர்ந்து பார்க்கறாங்க. அப்புறமா யோசிப்போம். புதுசுன்னா முதல்ல நாலு பேரு முணுமுணுக்கத்தான் செய்வாங்க, பழகிடும்."

ஆறு வருஷமாக இவன் இந்தத் தளத்துக்குச் செய்ததை அவள் அறிவாள். கூலி வாங்காமல், தூங்காமல். அந்தப் பெயர்ப் பட்டியலை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

---

இடைவேளை மணி அடிக்கும்போது கசோண்டே பள்ளிக்கூட வாசலில் நின்றாள். மினிபஸ்ஸில் நெருக்கியடித்து வந்ததில் இடுப்பில் கட்டியிருந்த சிடெங்கே துணி நழுவியிருந்தது. அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

சிலேஷே சாக்பீஸ் கையோடு வந்தாள். "பூப்பேக்கு ஏதாவதா அண்ணி?"

"பூப்பே நல்லா இருக்கா." எப்படித் தொடங்குவது என்று மினிபஸ்ஸில் யோசித்ததெல்லாம் போய்விட்டது. "நீதான் பச்சைக் குடைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சிலேஷே அவளை வாசலிலிருந்து சுவரோரமாக இழுத்துப்போனாள்.

கசோண்டே நடந்ததைச் சொன்னாள். காலையில் ஆறு மணியிலிருந்து பெயர்கள் வெளியே தெரிவதை, பட்டன் போனதை, லோம்பேயிடம் எதுவும் சொல்லாததை.

"அவர் படிச்சாரா?"

"இல்ல. இன்னும் இல்ல."

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஓடிவந்து, "டீச்சர், இவன் என்னைத் தள்ளிட்டான்" என்றாள். "நீயும் தள்ளிட்டு வா" என்று சொல்லி அனுப்பிய சிலேஷே, தான் சொன்னது என்ன என்றே கவனிக்கவில்லை.

"ஏன் எங்கிட்ட நேர்ல வந்து சொல்லல?" என்றாள் கசோண்டே.

"உங்ககிட்டதானே அண்ணி ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்." சிலேஷேயின் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "நேர்ல நீங்க அவருக்கு அக்கா. அங்க எனக்கு அக்கா. உங்க நாத்தனாருக்கு வாயில பூட்டு இல்லைன்னு எழுதினீங்களே, படிச்சிட்டுக் குளியலறையில போய்ச் சிரிச்சேன்."

"பூட்டு வாங்கிடறேன்டி. பெருசா."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"அவருக்குத் தெரியணும். தெரியக் கூடாதுன்னு நான் நினைக்கல" என்றாள் சிலேஷே. "ஆனா சொல்றவ நானா இருக்கணும் அண்ணி. என் வாயால சொல்லணும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஒரு கம்ப்யூட்டர் எடுத்து வெளிய வைக்கக் கூடாது."

"இன்னிக்கு மதியத்துக்குள்ள எடுத்துடறேன்."

"எப்படி? அவர் புடிச்சா புடிதான்."

"நான் அவனுக்கு அக்காடி. காது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

---

வீடு திரும்பியதும் கசோண்டே சண்டை போடவில்லை. தளத்தின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகள் அவள் போனில்தான் விழும். காலையிலிருந்து அது அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கொண்டுபோய் லோம்பேயின் மேசையில் வைத்தாள்.

"நான் கோழிக்குத் தண்ணி வைக்கணும். நீ பேசு."

"எனக்கு வேலை இருக்குக்கா."

"நாலு பேரு முணுமுணுக்கறாங்கன்னியே. அந்த நாலு பேரு இவங்கதான்."

போன் அடித்தது. அவன் எடுத்தான். அவள் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

"நான் எக்ஸில்டா பேசறேன். என் கடையும் மாமியார் கடையும் பக்கத்துப் பக்கத்துக் கடை. காலையில அவங்க பேத்தி படிச்சுக் காட்டியிருக்கா. இப்ப தக்காளிக் கூடையை நடுவுல சுவராட்டம் அடுக்கி வச்சிட்டு எம்மொகத்தைப் பார்க்க மாட்டேங்கறாங்க. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"இல்லம்மா, விதிமுறைகள்ல நாங்க..."

"எந்த விதிமுறை? வெளிய தெரியாதுன்னு நீங்க எழுதினதைத்தான் நான் படிச்சேன்."

அடுத்தது லாரி ஓட்டுநர் எவரிஸ்டோ. மூணாம் நம்பர் லாரி என்ற பெயரில் எழுதுகிறவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "தம்பி, என் பையன் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். உங்க பக்கத்துலதான் நான் அழுதேன். வீட்டுல அழ முடியாது, டெப்போவுலயும் முடியாது. இன்னிக்கு டெப்போவுல எல்லாரும் எங்கிட்ட ரொம்ப மரியாதையாப் பேசறாங்க. எனக்கு அது வேணாம் தம்பி. பழையபடி திட்டணும் என்னை."

லோம்பே அடுத்த அழைப்பை எடுத்தான்.

மூன்றாவதாக வந்தவள் பெயரைச் சொல்லவில்லை. "மாத்துங்க, வேணாங்கல. உங்க வீடு. ஆனா சுவருக்குப் பெயின்ட் அடிச்சாக்கூட 'ஈரம்'னு ஒரு அட்டை எழுதி மாட்டறோமில்ல? வர்றவன் துணியில ஒட்டுமேன்னு. அந்த அட்டையைக்கூட மாட்டலையே நீங்க."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"லுசாகாக்காரங்க கோச்சுக்குவாங்க."

"கோச்சுக்கட்டும்."

"சரி. தளத்தை இப்ப மூடிடறேன். பழைய பேரு பட்டியல் இருக்கு. ரெண்டு மணிக்குள்ள திருப்பிப் போட்டுத் திறந்துடலாம்." விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். "அதுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு போடணும். எழுதறேன்." வேகமாக எழுதி வாசித்தான். "பயனாளர்களின் அனுபவத்தை மேம்படுத்தும் நோக்கில் மேற்கொள்ளப்பட்ட மாற்றங்களால் சிலருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு..."

"யாருக்கு மேம்பட்டுது? எக்ஸில்டாவுக்கா?"

"அறிவிப்புன்னா இப்படித்தான்க்கா எழுதணும்."

"தள்ளு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"நேற்று ராத்திரி இந்தப் பக்கத்தை மாற்றினோம். உங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு. இன்று காலை ஆறு மணி முதல் பதினொன்று வரை உங்கள் சொந்தப் பெயர் வெளியே தெரிந்தது. யார் யார் பார்த்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பெயர்களை மறைத்துவிட்டோம். இனிமேல் எதை மாற்றினாலும் பதினான்கு நாள் முன்னால், எல்லோருடைய போனுக்கும் பெம்பாவிலும் ஆங்கிலத்திலும் செய்தி வரும். பெயரைக் காட்டுவதா வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்போம். கேட்காமல் காட்ட மாட்டோம். கசோண்டே, லோம்பே."

லோம்பே இரண்டு தரம் படித்தான். "'யார் பார்த்தார்கள்னு தெரியாது'ங்கறதை எடுத்துடலாமா? பயந்துடுவாங்க."

"தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப இருக்கட்டும்."

---

மதியச் சாப்பாட்டுக்கு ன்ஷிமா என்ற சோளமாவுக் களியும் கபெண்டா கருவாடும் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் தட்டு அப்படியே இருந்தது. லோம்பே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தளம் பழைய பெயர்களோடு திறந்திருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது." குரல் ஒரு மாதிரி இருந்தது. "பட்டியல்ல நிறையப் பேரு இடம் மாறிக் கெடந்தாங்க. கம்ப்யூட்டரை நம்ப முடியல. நிறையப் பேரு எழுதினதை ஒவ்வொண்ணாத் திறந்து, கண்ணால பார்த்துத்தான் சேர்த்தேன்."

கசோண்டே தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். இதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அவசரப்படுத்தியதே அவள்தான்.

"யாரை யாரைப் பார்த்த?"

"பார்த்தேன்." அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "உனக்குக் காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்குத்தான் பள்ளிக்கூடம் போனியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அது என் வார்த்தை இல்லடா, உங்கிட்டச் சொல்றதுக்கு. அவளோடது."

அவன் கேட்டான். "அவ சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாத மாதிரி இருக்கணுமா?"

"முடியுமா உன்னால?"

"தெரியல." உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "பூப்பே ஆஸ்பத்திரியில கத்தினப்போ நான்தான்க்கா அவ காலைப் புடிச்சுக்கிட்டிருந்தேன். டாக்டர் ஊசி குத்த இடம் தேடினாரே, அன்னிக்கு. அதிலேர்ந்து எனக்கு... நாலாயிரம் பேருக்கு தைரியம் சொல்லி எழுதிடலாம். அது சுலபம்."

கசோண்டே அவன் தலையில் கை வைத்தாள். சிறு வயதில் காதைத் திருகுவாள். இப்போது திருகவில்லை.

ரெண்டு மணிக்கு லுசாகாவிலிருந்து அழைத்தார்கள். காலையில் இருந்த பெயர்கள் எங்கே என்று கேட்டார்கள். எடுத்துவிட்டோம் என்றான். அந்தப் பக்கம் பேசியவர் கொதித்துவிட்டார். இவ்வளவு பெரிய மாற்றத்தை எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்வது மரியாதை இல்லையா? டாக்டரை அனுப்புவதா இல்லையா என்று திங்கட்கிழமை கூடி முடிவு செய்வார்களாம்.

"நீங்க கேக்கறது ரொம்ப நியாயம் சார்" என்றான் லோம்பே. மனதாரத்தான் சொன்னான்.

---

நாலரை மணிக்கு சிலேஷே வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. செருப்பையும் கழற்றவில்லை. நேராகப் பின்கட்டு அறை வாசலில் போய் நின்றாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

எதைக் கேட்டாலும் பாதியில் புகுந்து விளக்கம் சொல்லுகிற லோம்பே, கம்ப்யூட்டரை மூடிவிட்டு, எழுந்து அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தான்.

கசோண்டே வாசற்கதவைச் சாத்திக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டி நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் அதைக் கொட்டிக் கழுவி மறுபடி நிரப்பினாள். பூப்பே பள்ளியிலிருந்து வந்து மாமாவிடம் ஓடப் பார்த்தபோது, "அங்க போகாத, இங்க வந்து முட்டை எண்ணு" என்றாள்.

"இது கறிக்கோழிம்மா. முட்டை போடாது."

"அப்ப கோழியை எண்ணு."

பூப்பே எண்ண ஆரம்பித்தாள். கோழிகள் ஓடி ஓடிக் கணக்கைக் குழப்பின. மூன்றாம் தரம் அவள் தொண்ணூறைத் தாண்டியபோது பின்கட்டுக் கதவு திறந்தது.

லோம்பே வந்தான். கண் சிவந்திருந்தது. கொட்டகைக் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு கோழிகளைப் பார்த்தபடி நின்றான். யாரிடம் கேட்கிறோம் என்றில்லாமல் கேட்டான்.

"சனிக்கிழமை அந்த லேப் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டு மணின்னு நினைக்கறேன்" என்றாள் கசோண்டே.

"ஏழரை." சிலேஷே அவன் பின்னால் வந்து நின்றிருந்தாள். பை இன்னும் தோளில்தான் தொங்கியது. "எனக்குத் தெரியும். ஏழுக்கே போய் உக்காரணும். அன்னிக்கு நான் தனியாப் போனேன். இந்தத் தடவை சேர்ந்து போவோம்."